பொருள்: மேல்வீட்டுச் சத்தம்

மேல்வீட்டுக்காரர்கள் மாலை நேரத்தில் சத்தம் போடுகிறார்களாம், குடியிருப்பின் மேலாளர் திருமதி கார்ட்டருக்கு ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டுமாம், என்ன நடக்கிறதென்று விவரிக்க வேண்டும், அது உங்களை எப்படிப் பாதிக்கிறதென்று சொல்ல வேண்டும், என்ன செய்யலாமென்று ஒரு வழியும் காட்ட வேண்டும், இருப்பது ஏழு நிமிஷம், எழுது. ஜெனிஷ் கேள்வியை ஒருதரம் படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தான், திரையின் மூலையில் கடிகாரம் மேட்டிலிருந்து உருட்டிவிட்ட தேங்காய் மாதிரி இறங்கத் தொடங்கியிருந்தது, உடனே, கூப்பிடாமலே, மண்டைக்குள் சேவியர் சார் வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஹ்ரும். சார் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையை ஒருமுறை கூட்டிப் பெருக்குவார். "ஹ்ரும், பதறாதல. மூணு புள்ளியாக்கும் கேட்டிருக்கான், மூணுக்கும் ரெண்டு ரெண்டு வரி, மேல ஒரு கும்பிடு, கீழ ஒரு கும்பிடு, முடிஞ்சுது சோலி. ஒனக்க சொந்தக் கதைய எவனும் கேக்கல, கேட்டியா." மார்த்தாண்டத்தில் மருந்துக்கடைக்கு மேலே இங்கிலீஷ் பரீட்சைக்கு ஆட்களைத் தயார்செய்கிற சேவியர் சாரின் அந்த ஹ்ரும் ஜெனிஷுக்கு அத்துப்படி. ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஹ்ரும், இன்னைக்கி கிளாஸ் இல்ல, எல்லாரும் வீட்டுக்குப் போங்க, போற வழியில எவனும் டீக்கடையில நிக்கப்பிடாது" என்று அவன் விட்ட ஒரே குரலில் மொத்த வகுப்பும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டது, சார் வந்து பார்த்தபோது பெஞ்சுகளும் ஜெனிஷும்தான் மிச்சம். எங்கல எல்லாரும்? நீங்கதான சார் போகச் சொன்னீங்க. அடிக்க ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்க சார் சிரித்துவிட்டார், "சவத்துப் பயல, ஒனக்கு எதுக்குல கிளாஸு, ஒன்ன எங்க விட்டாலும் பொழச்சுக்கிடுவ." எங்கே விட்டாலும். விட்டுவிட்டுத்தானே இங்கிலாந்துக்குப் போயிருந்தார்கள், அம்மாவும் அப்பாவும் தம்பி ஆல்வினும், அவன் பிழைத்துக்கொண்டுதானே இருந்தான், காலையில் பல் தேய்த்து, பக்கத்து வீட்டு ரோஸ்மேரி மாமி மதில்மேல் வைத்துவிட்டுப் போகிற மரச்சீனிக்கிழங்கையும் சாளைமீன் கறியையும் தின்று, பாத்திரத்தைக் கழுவித் திரும்ப மதில்மேல் வைத்து. பிழைப்பதற்கு என்ன. கடிகாரம் பாட்டுக்கு உருண்டது. டியர் மிஸஸ் கார்ட்டர் என்று அடித்தான். கமா போட்டான். மேலே ஒரு கும்பிடு ஆயிற்று.

திருவனந்தபுரத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி அறை அது, மரத்தடுப்பு வைத்துக் கூண்டு கூண்டாகப் பிரித்திருந்தார்கள், கூண்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு திரை, காதில் யானைக்காது போலக் கவிழ்ந்த ஹெட்போன். வாசலில் ஓர் அக்கா சட்டைக்கையை மடக்கச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்து, "மோனே, போக்கெட்டில் ஒண்ணும் இல்லல்லோ? கர்ச்சீப் போலும் வேண்டாம் கேட்டோ" என்று மலையாளத்தில் கர்ச்சீப்கூட ஆகாதென்றபோது, அந்தக் கேட்டோவின் நுனியில் ஒரு சின்ன வளைவு இருந்ததை அவன் நாக்கு உடனே பிடித்துக்கொண்டது, ஒண்ணும் இல்ல சேச்சி கேட்டோ என்றான் அதே வளைவோடு, அக்காவுக்குப் பின்னால் நின்ற காவலாளி வாயைப் பொத்தினான், அக்கா மட்டும் கவனிக்கவில்லை. யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டுமே என்று போனைத் தேடிய கை வெறும் பையைத் தடவியது, போன் கீழே பெட்டிக்குள் பூட்டிக்கிடந்தது, இருந்திருந்தாலும் அவர்கள் இருக்கிற லீட்ஸில் அப்போது விடிந்திருக்காது, அம்மா ராத்திரி வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டாள். எழுதுல. பக்கத்துக் கூண்டில் ஒரு பெண் பேச்சுத் தேர்வில் இருந்தாள், எனக்கு மிகவும் பிடித்த இடம் கடற்கரை, ஏனென்றால், ஏனென்றால், என்று இங்கிலீஷில் திக்கித் திக்கி அந்த ஏனென்றாலிலேயே கால் மாட்டிக்கொண்டு நின்றாள், பாவம், கடற்கரைக்கு ஏனென்றால் என்ன வேண்டிக்கிடக்கிறது. என்ன நடக்கிறதென்று விவரிக்க. நான் கீழ்த்தளத்துக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறேன், என் மேல்வீட்டில் வசிப்பவர்கள். வசிப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? நாய் வளர்க்கிறார்கள் என்று எழுதாதே, நாய் மட்டும் வேண்டாம். போனமுறை நாய்தான் கவிழ்த்தது. சேவியர் சார் எல்லோருக்கும் ஒரே நாயைக் கொடுத்திருந்தார், ராத்திரியெல்லாம் குலைக்கிற நாய், வகுப்பில் இருந்த அத்தனைபேரும் அந்த நாயை அப்படியே மனப்பாடமாக எழுதிவைத்துவிட்டு வர, மற்ற பகுதியிலெல்லாம் ஏறிப்போன ஜெனிஷின் மதிப்பெண் எழுத்தில் மட்டும் தொப்பென்று விழுந்தது. "ஒரே நாயி எல்லாரு வீட்டு மாடியிலயும் ஏறி நின்னு கொலச்சா வெள்ளக்காரன் எப்படி சார் நம்புவான்?" என்று கேட்டதற்கு, ஹ்ரும், சார் அன்று தொண்டையை மட்டும் பெருக்கினார். இந்தமுறையும் விழுந்தால் செப்டம்பரில் சேரவேண்டிய கல்லூரி இடம் போய்விடும், இடம் போனால் விசா இல்லை, விசா இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் மதில்மேல் பாத்திரம். அம்மா நர்ஸ், அங்கே ஆஸ்பத்திரி வேலை கிடைத்தபோது கணவனும் பிள்ளைகளும் கூடவே போகலாம் என்றுதான் சொன்னார்கள், ஒரு காகிதத்தில் ஒரு முத்திரை வரத் தாமதமாகி, காகிதம் அலுவலகம் அலுவலகமாகத் தூங்கி எழுந்து வருவதற்குள் ஜெனிஷுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, பதினெட்டு முடிந்தவன் பிள்ளைக் கணக்கில் வரமாட்டானாம், தனி ஆளாம். அந்தப் பிறந்தநாளுக்கு ஆல்வின் கேக்கின்மேல் மூக்கை வைத்து அழுத்தியிருந்தான், எல்லாரும் சிரித்தார்கள், விசா ஏஜென்ட் போன் செய்தது அதற்கு மறுநாள். "படிக்க வாறது மாதிரி நீ பொறத்தால வந்துருலாம் மக்ளே, ஒரு பரீச்சையாக்கும், ஒனக்கு அது ஒரு பெரிய காரியமா?" என்று விமான நிலையத்தில் அப்பா தோளைத் தட்டினார், அப்பா தட்டினால் இரண்டு தட்டு, மூன்றாவதற்குக் கை வராது. அவனும் இரண்டு தட்டு தட்டி, அப்பா குரலிலேயே, "பெட்டிய எண்ணிக்கோ லீலா, சாவி எங்க லீலா" என்றான், அம்மா அழுத கண்ணோடு அவன் முதுகில் ஒன்று போட்டாள். என் மேல்வீட்டில் வசிப்பவர்கள் நாற்காலிகளை இழுக்கிறார்கள். சரி. அவர்களுடைய சிறிய மகன் ஓடுகிறான்.

ஓடத்தான் செய்வான், ஆல்வின் எந்தக் காலத்தில் நடந்திருக்கிறான், பல் தேய்க்கப் போவதென்றால்கூட ஓட்டம், என்று ஜெனிஷின் விரல் அந்த இடத்திலேயே நின்றது. இந்தக் கடிதத்தை அவன் ஏற்கெனவே கேட்டிருக்கிறான். அம்மா போனில் வாசித்துக்காட்டியிருந்தாள், போன மாதமோ அதற்கு முந்தின மாதமோ, சமையலறையில் நின்றுகொண்டு, போனை மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்து வைத்து. "கீழ உள்ள ஆளு கம்ப்ளைன்ட் எழுதிப்போட்டுட்டாரு மக்ளே, வீட்டு ஓனருக்கு." எதுக்கு, இவன் ஓடினானா? "ஓட்டத்துக்கு இல்ல. பாட்டுக்கு." பின்னாலிருந்து அப்பா, முகம் தெரியாமல், குரல் மட்டும், "சட்டப்படி அவரு சொல்லது சரிதான்." அப்பாவுக்கு யார் எழுதிக்கொடுத்தாலும் சட்டப்படி சரிதான், பதினெட்டு வயது விஷயத்திலும் அப்படித்தான் சொன்னார். "இப்ப நாங்க வாய்க்குள்ளயாக்கும் பாடுகோம்" என்றாள் அம்மா, "ஆல்வினுக்க வாயில நான் கைய வச்சுக்கிடுவேன், கர்த்தருக்குக் கேட்டா போதும்லா." அதற்கு ஜெனிஷ் என்ன செய்தான்? வாயைக் கோணி, மூக்கால் இழுத்து, கீழ்வீட்டு வெள்ளைக்காரன் ஆனான், "ஓ மை காட், டூ மச் அல்லேலூயா, ஐ கால் போலீஸ், ஐ கால் ராணி", ஆல்வின் தரையில் உருண்டு சிரித்தான், அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்பாகூட ஒரு ஹுஹு போட்டார், இன்னொண்ணு அண்ணே இன்னொண்ணு அண்ணே என்று ஆல்வின் கத்தக் கத்தப் போன் தொடர்பு அறுந்துபோயிற்று, கையில் கறுப்புத் திரை, அதில் கோணின வாயோடு அவன் முகம். வீடு அமைதியாக இருந்தது. அமைதியென்றால் எப்படி, குளிர்பெட்டி ஒருமுறை நடுங்கி நிற்கும், பிறகு அதுவும் இல்லை. ஏழு மணிக்குத்தான் மோசம், ஏழு மணிக்கு ஜெபம். நால்வரும் பாயில் உட்கார்ந்து, அப்பா கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பதுபோலச் சங்கீதம் வாசிப்பார், அம்மா பாட்டை எட்டாத உயரத்தில் எடுத்துவிட்டு இரண்டாம் வரியில் இறங்கிவருவாள், ஆல்வின் கர்த்தருடைய ஜெபத்தை ஒரே மூச்சில், பாதி வார்த்தையை விழுங்கி, கடைசிப் பஸ்ஸைப் பிடிப்பவன்போலச் சொல்லி முடிப்பான், ஜெனிஷின் பங்கு ஆல்வினைக் கிள்ளுவது. அவர்கள் போன பிறகு ஒரு சாயங்காலம், ஒரு விளையாட்டுக்குத்தான், பாயை விரித்து அவன் ஒருவனே நாலு பேராக ஜெபம் செய்தான், தீர்ப்பு வாசித்தான், எட்டாத உயரத்தில் பாட்டெடுத்து இறங்கினான், கடைசிப் பஸ்ஸைப் பிடித்தான், அச்சு அசலாக வந்தது, இவ்வளவு நன்றாக அதற்குமுன் அவனுக்கு எதுவும் வந்ததில்லை, மதிலுக்கு அந்தப்பக்கம் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது, அடுத்த நொடி ரோஸ்மேரி மாமி மீன் செதில் ஒட்டின கையோடு வாசலில், "லீலா! எப்ப பிள்ளே வந்த? ஒரு வார்த்த சொல்லப்பிடாதா!" ஜெனிஷ் எழுந்து நாடகக்காரனைப்போல இடுப்பை வளைத்துக் கும்பிட்டான். மாமி சிரிக்கவில்லை. அவனைத் தாண்டி உள்ளே போய் அடுக்களையைப் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள், திரும்பி வந்து, "எங்கல அவ?" என்றாள், கேட்டுவிட்டு அவளே பாயைப் பார்த்தாள். "இனிமே இது செய்யாத மக்ளே. கேட்டியா. செய்யாத." மறுநாளிலிருந்து ஏழு மணியானால் மாமி வீட்டில் டிவி சத்தம் கூடியது, அவன் செய்கிறானோ இல்லையோ, அவளுக்குக் கேட்கக்கூடாது. அதன்பிறகு அவனும் வாய்க்குள்தான். கடலுக்கு அந்தப்பக்கம் மூன்று பேர் வாய்க்குள், இந்தப்பக்கம் நாலு பேர் வாய்க்குள்.

கடிகாரத்தைப் பார்த்தான், பாதிக்குமேல் போய்விட்டது. அது உங்களை எப்படிப் பாதிக்கிறது. "ஹ்ரும், தூக்கம் இல்ல, தலவலி, வேலைக்கிப் போக முடியல, மூணுல ஒண்ண எடுத்துப் போடுல, ஏன்ல முழிச்சிட்டிருக்க?" எடுத்துப் போட்டான், அவர்கள் மாலையில் சேர்ந்து பாடுகிறார்கள், அதனால் என்னால் தூங்க முடியவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு எவன் தூங்குகிறான்? அழித்தான். அந்தக் கீழ்வீட்டு ஆளுக்கு என்னதான் கஷ்டம்? அவர் யார்? அப்பா ஒருதரம் பார்த்திருக்கிறார், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், சாம்பல்நிறக் கம்பளிச்சட்டை, கையில் ஒரு சின்னப் பை, ரொம்பச் சின்னது, ஒரு ஆளுக்கு எவ்வளவு குப்பை சேரும் என்று அப்பா சொன்னார். பேசினாரா? இல்லை, தலையை ஆட்டினாராம். ஓ மை காட் எல்லாம் ஜெனிஷாக இட்டுக்கட்டியது, அந்த மூக்கிழுப்பு எங்கேயோ பொருட்காட்சியில் பார்த்த கோமாளியுடையது. கேட்ட குரலென்றால் எதுவும் வரும், காவலாளி இருமல் வரும், திக்குகிற பெண் வருவாள், சந்தையில் சாளை விற்பவள் வருவாள், இந்த ஒரு ஆள் மட்டும் வரமாட்டேனென்கிறார், நாக்கைச் சுழற்றிப் பார்த்தான், உதட்டைக் குவித்துப் பார்த்தான், ஒன்றும் இல்லை. கட்டிலில் படுத்திருப்பாராயிருக்கும். விளக்குப் போட்டிருக்க மாட்டார், எதற்கு, ஒரு ஆளுக்கு. மேலே நாற்காலி நகரும், ஓஹோ உட்காருகிறார்கள் என்று தெரியும். சின்னக் கால்கள் ஓடும், பெரிய கால் ஒன்று அதட்டி வைக்கும், கால்கள் நிற்கும். பிறகு ஒரு ஆண் எதையோ வாசிப்பான், புரியாது. ஒரு பெண் ரொம்ப உயரத்தில் பாட ஆரம்பிப்பாள், இப்போது இறங்குவாள் பார் என்று அவர் காத்திருப்பார், இறங்குவாள். அவன் விரல்கள் ஓடத் தொடங்கியிருந்தன, இலக்கணம் பார்க்கவில்லை, பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்கவில்லை, இங்கிலீஷில் அதுவரை யாரும் மனப்பாடம் செய்துகொடுக்காத வரிகள், அம்மா, நான் தேறத்தானே வந்தேன் என்று தோன்றியதையும் தாண்டி ஓடின. திருமதி கார்ட்டர், அவர்கள் எத்தனை பேர் என்று எனக்குக் கால் சத்தத்தை வைத்தே தெரியும். யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரியும். சாப்பிட உட்காரும்போது கரண்டிகள் கேட்கும், அப்போது நானும் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொள்வேன். அவர்கள் நிறுத்தியதும் என் அறை முன்பு இருந்ததைவிடப் பெரிதாகிவிடுகிறது. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

சேவியர் சார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "கெடுத்தியேல, பாவிப்பயல, சரி போட்டும், இன்னும் சமயம் இருக்கு, தீர்வு கேட்டிருக்கான், கம்பளத்தப் போடு, தரையில தடிச்ச கம்பளம் விரிக்கச் சொல்லுங்கன்னு ஒரு வரி, முடிச்சிரு." போட்டான். அவர்களுடைய தரையில் தடித்த கம்பளம் விரிக்கும்படி தாங்கள் தயவுசெய்து அறிவுறுத்தினால் நன்றியுடையவனாயிருப்பேன். அழகான வரி, ஒரு பிசிறு இல்லை, இந்த ஒரு வரிக்கே மதிப்பெண் கொடுப்பார்கள், இதை இப்படியே விட்டால் தேறிவிடலாம், செப்டம்பர், லீட்ஸ், அந்த மாடிப்படி, அந்தக் கதவு, திறந்தால் உள்ளே தடித்த கம்பளம், அதன்மேல் மூவரும் முழங்காலில், வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அவன் போய் நான்காவதாக உட்காருவான், அவனும் வாயை அசைப்பான். கீழே அந்த ஆள் மல்லாந்து கிடப்பார், மேலே யாரும் குடியில்லை என்று நினைத்துக்கொள்வார். பக்கத்துக் கூண்டில் அந்தப் பெண் கடற்கரையிலிருந்து எப்படியோ மீண்டு வந்து வேறெதையோ பேசிக்கொண்டிருந்தாள், வேகமாக, சந்தோஷமாக. அம்மா பாடுகிற அந்தப் பாட்டு, அதன் மெட்டு இங்கிலாந்துக்காரர்களுடையதுதான் என்று கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவர் ஒருமுறை சொன்னது ஜெனிஷுக்கு இந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது, கப்பலில் வந்த யாரோ ஒரு பாதிரி கொண்டுவந்த மெட்டு, தமிழ் வார்த்தையைப் பிற்பாடு ஏற்றினார்களாம், அப்படியானால் அந்தக் கீழ்வீட்டு ஆள் அதைச் சின்ன வயதில் அவருடைய அம்மாவின் பக்கத்தில் நின்று பாடியிருக்க வேண்டும், வார்த்தை புரியாவிட்டாலும் வரி எங்கே திரும்புமென்று தெரிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்குத் தன் பாட்டைத் தலைக்குமேல் யாரோ பாட, கூப்பிடாத வீட்டுக் கல்யாணம்போலக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்க வேண்டும், கடைசியில் ஒருநாள் எழுந்து உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதியிருக்கிறார். அவருக்கும் மூன்று புள்ளிதான் தெரிந்திருக்கும். கடிகாரம் சிவப்பாகிவிட்டது. "தொடாதலே" என்றார் சார், ஹ்ரும் இல்லாமல், "ஜெனிஷு, அத தொடாத." கம்பளத்தின்மேல் கர்சரை வைத்து இழுத்தான், வரி முழுக்க நீலமாயிற்று, ஒரு தட்டு, போயிற்று. அவர்களை நிறுத்தச் சொல்ல வேண்டாம், திருமதி கார்ட்டர், என்று அடித்தான், கம்பளமும் வேண்டாம். பாடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கீழே வந்து என் கதவைத் தட்டச் சொல்லுங்கள், அந்தச் சிறுவனை அனுப்பினால் போதும், எப்படியும் ஓடித்தானே வருவான். எனக்கு மெட்டுத் தெரியும். நான் ஓரமாக உட்காருவேன், சத்தமாகப் பாட மாட்டேன், அவர்கள் சொன்னால் பாடுவேன். நான் எங்கேயும் போவதில்லை, எந்த நாளென்றாலும் சரி, நான் வீட்டில்தான்

திரை வெள்ளையாயிற்று. நேரம் முடிந்தது, அடுத்த கேள்விக்குத் தயாராகவும் என்று ஒரு வரி வந்தது. ஜெனிஷ் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மண்டைக்குள் சேவியர் சார் இழுத்துப்போட்ட நாற்காலி காலியாகக் கிடந்தது.